டபிள்யூவும் ஆரும்

கட்டம் ஐந்து.
டபிள்யூ இருக்க வேண்டும், ஆர் இருக்க வேண்டும்,
எந்த எழுத்தும் இரண்டு தரம் வரக்கூடாது.
பத்துச் சொல் கண்டவர் கெட்டிக்காரர்
என்கிறது ஞாயிறுப் பேப்பரின் கடைசிப் பக்கம்.

எங்களுக்கு நாலு மணித்தியாலம் இருக்கிறது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, டயலிசிஸ் வார்டு,
ஆறாம் கட்டிலில் நான், ஏழில் ஆதம்லெவ்வை.
நடுவில் இரண்டு மெஷின்கள்
இரத்தத்தை வாங்கிக் கணக்குப் பார்த்துத்
திருப்பித் தருகின்றன.

ஐந்தெழுத்து என்றால்
திருநீறு பூசும்போது வாயில் வருவதுதான் எனக்கு.
அவருக்கு ஐந்து என்றால் வக்து.
இது வேறு ஐந்து என்று சிரித்துக்கொண்டோம்,
வேலையைத் தொடங்கினோம்.

அவருடைய வலக்கையில் ஊசி.
ஆகவே அவர் சொல்ல நான் எழுத.
காணிப் பதிவகத்தில் முப்பத்தொரு வருடம்
அடுத்தவர் சொல்ல எழுதிய கைதான்.

றைட், எழுதுவது.
றோங், பிழை.
இரண்டும் ஒரே நீளம், ஒரே தொடக்கம்.
எத்தனை உறுதிகளில் பார்த்திருக்கிறேன்.
சத்தியக்கடதாசியின் அடியில் வரும் ஸ்வோர்ன்
மூன்றாவது.

சாய்ந்தமருதில் போட் எஞ்சின் திருத்துகிறவர்,
இங்கிலீசை உதிரிப்பாகப் பெட்டிகளில் படித்தவர்,
கண்ணை மூடி, விரல் மடக்கி,
'ஸ்குரூ' என்றார்.
எஸ், சி, ஆர், ஈ, டபிள்யூ.
எண்ணிப் பார்த்தேன். ஒரு புரி பிசகவில்லை.

ஜன்னலில் வாவி தெரியாது.
பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி தெரியும்.
'டவர்' என்றார்.
எழுதிய பிறகும் கொஞ்ச நேரம்
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊசி ஏறிய இடத்தைக் காட்டி 'றிஸ்ட்' என்றேன்.
'அதில டபிள்யூ எங்க கிடக்கு?'
'முன்னால நிக்கிது. பேசாது.'
'எங்கட பதினொண்டாம் கட்டில் ஆளப் போல' என்றார்.

மிஸ்ஸி சுபாங்கினி இரத்த அழுத்தம் பார்த்தபடி
'வொறி' என்றாள்.
ஆர் இரண்டு தரம் வருகுது மிஸ்ஸி,
இங்க கவலை செல்லாது.
அவள் கோபித்துக்கொண்டு
பல்லுக்குப் போடுகிற கிரவுணைத் தந்துவிட்டுப் போனாள்.
தேத்தண்ணியின் நிறம் எட்டாவது.
உலகம் ஒன்பதாவதாகத்தான் ஞாபகம் வந்தது.

ஒன்று மிச்சம்.

இருவருக்கும் தெரியும்.
அது முதலாவதாகவே வந்திருக்க வேண்டிய சொல்.
ஒரு நாளைக்கு அரை லீற்றர்:
மாத்திரை விழுங்கும் மிடறும் அதற்குள்,
ஆணமும் அதற்குள்.
மற்ற நேரம் நாக்கில் ஒரு ஐஸ் துண்டு,
கரையும்வரை பேச்சில்லை.
அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
மெஷின் கூவியது. பேப்பரை மடித்தோம்.

அடுத்த கிழமை ஏழாம் கட்டிலில் ஒரு பெடியன்.
ஆதம்லெவ்வையை இரவு முறைக்கு மாற்றியாச்சு,
வேறொன்றுமில்லை, பயப்படாதீங்க,
என்று மிஸ்ஸி தலையணைக்கு அடியிலிருந்து
அதே பேப்பரை எடுத்துத் தந்தாள்.

பத்தாவது வரிசையில்
இடக்கையால் எழுதிய பென்சில் எழுத்துகள்
கப்பல் ஆட்டத்தில் நின்றன.
டபிள்யூ. ஏ.
பிறகு ஒன்றுமில்லை.
மூன்று கட்டம் எனக்கு.

டீ போட்டேன். ஈ போட்டேன்.
ஆரை மட்டும் கடைசிவரை வைத்திருந்து,
ஊசி கழற்றும் நேரம்
மெதுவாக, மிடறு மிடறாக இறக்கினேன்.

வியாழன் தராசில் ஒன்றரைக் கிலோ கூட.
மிஸ்ஸி இடுப்பில் கைவைத்தாள்.
'உண்மையச் சொல்லுங்க ஐயா, தண்ணி குடிச்சீங்களா?'

'இல்ல மிஸ்ஸி.
எழுதினன் மட்டுந்தான்.'